லீவில் எட்டுச் சுற்று

மே 4, திங்கள்

கா. 5 மணி. இப்போதே புழுக்கம். கத்திரி இன்றுதான் ஆரம்பம். சிறுமலை மேல் பேருக்குக்கூட மேகம் இல்லை.

குளக்கரையில் 5 கி.மீ. 26 நிமிடம் 40 விநாடி. கேவலம். போன வருஷம் இதே கரையில் 24க்குள் ஓடினவன் நான்.

லீவு ஜூன் 20 வரை. அதற்குள் உடம்பு தயாராக வேண்டும். எதற்கு என்று ஒரு தடவை எழுதிவைக்கிறேன், சோம்பல் வந்தால் எடுத்துப் படிக்க. நவம்பரோடு இருபத்துநாலு வருஷ சர்வீஸ் முடிகிறது. இரண்டு வருட நீட்டிப்பு கேட்டிருக்கிறேன். ஜூலையில் போர்டு. மெடிக்கலில் முழுத் தகுதி வேண்டும், உடல் தகுதித் தேர்வில் பாஸ் வேண்டும். நீட்டிப்பு கிடைத்தால் அதற்குள் பதவி உயர்ந்து நாயப் சுபேதார் ஆகிவிடுவேன், என் முறை அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. கிடைக்காவிட்டால் ஹவில்தாராகவே வீட்டுக்கு.

வீட்டுக்கு வந்து? பிலவேந்திரன் மாதிரி மில் கேட்டில் லாரி நம்பர் எழுதலாம். என்னோடு பட்டாளத்தில் சேர்ந்தவன். போன வாரம் பார்த்தேன். காரில் வந்த ஒரு மீசை முளைக்காத பயலுக்குக் கேட்டைத் திறந்துவிட்டு சல்யூட் அடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிவிட்டான். நானும் வண்டியை நிறுத்தவில்லை.

பழைய தேர்வு என்றால் பயமே இல்லை. ஓட்டம், கயிறு, பள்ளம் தாண்டல், தண்டால். தூக்கத்தில் செய்வேன். புதுக் கேப்டன் வந்து அதோடு ஒன்றைச் சேர்த்துவிட்டார். ஃபங்ஷனல் ட்ரெய்னிங்காம். டயரைப் புரட்டு, மணல் மூட்டையோடு ஓடு, பெட்டி மேல் குதி, குப்புற விழு, எழுந்து துள்ளு. நடுவே மூச்சு வாங்க இருபது விநாடி. எல்லாம் சேர்ந்து ஒரு சுற்று. லீவுக்கு முந்தின வாரம் செய்தோம். முப்பத்தோரு பேரில் நான் முப்பத்தோராவது. "மெதுவா வாங்க தாத்தா" என்றார் கேப்டன், ஹிந்தியில். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு நாற்பத்திரண்டு.

மே 5, செவ்வாய்

யூனிட்டில் பயிற்சி கொடுக்கிற உஸ்தாத் வீடியோ அனுப்பியிருக்கிறார். கூடவே குரல் பதிவு: வாரம் இரண்டு நாள் மட்டும். இரண்டு சுற்றில் ஆரம்பி. அன்று ஓட்டம் வேண்டாம். வாரத்துக்கு ஒரு சுற்று கூட்டு. நடுவில் தண்ணீர் குடி.

இதெல்லாம் ரெக்ரூட் பயல்களுக்குச் சொல்வது. எனக்கு இருப்பது ஆறே வாரம். ஓட்டத்தையும் விட முடியாது. இரண்டும்தான்.

அண்ணன் தோப்பில் திரட்டியவை:
டிராக்டர் பின் டயர் 1 (வழுக்கை)
உரச் சாக்கில் மணல், 30 கிலோ
மோட்டார் ரூம் தொட்டி, இடுப்பு உயரம், குதிக்க
சம்மட்டி
களைக்கொல்லி கேன் 2, காலி, இருபது லிட்டர். கழுவித் தண்ணீர் நிரப்பினேன். இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு நடக்க.

கேனைப் பார்த்ததும் சவரி அண்ணன் கத்தினான். "ஏலே, அது வெசம்டா! கையக் கழுவுனியா இல்லியா?"

"கழுவிட்டேண்ணே."

"டயர நாலு ஆளு வச்சுப் பொரட்டுனாலும் பொரளாது. இம்புட்டு வெயில்ல எதுக்குடா இந்தக் கூத்து?"

அவனுக்கு என்ன தெரியும். அறுபது தென்னையும் ஒரு மோட்டாரும்தான் உலகம்.

மே 6, புதன்

5 கி.மீ. 26.10. உடனே புதுப் பயிற்சி. ஆறு சுற்று.

நான்காவதில் வாந்தி. ஐந்தாவதில் டயர் ஓரத்தில் செத்த நேரம் உட்கார்ந்தேன். ஆறாவதும் முடித்தேன். தண்ணீர் தொடவில்லை. ட்ரெய்னிங் சென்டரில் பழகிய பழக்கம், குடித்தால் வயிறு கனக்கும்.

மோட்டார் ரூம் நிழலிலிருந்து அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில், "முடிஞ்சுச்சா? இனி மாட்ட அவுத்துக் கட்டட்டுமா?" என்றான்.

நன்றாக இருக்கிறது. உள்ளே எல்லாம் எரிகிறது. நல்ல எரிச்சல்.

மே 7, வியாழன்

கை மடங்கவில்லை. சட்டை போட ஜெனி உதவி செய்தாள். மகள் எட்டாம் வகுப்பு போகப்போகிறாள். என்னிடம் அதிகம் பேசுவதில்லை. "ஏம்ப்பா இப்படி இருக்கு, கல்லு மாதிரி?" என்று தோளை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

கக்கூஸில் உட்கார முடியவில்லை. குழாயைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு. எழுத வெட்கமில்லை, யார் படிக்கப் போகிறார்கள்.

சாயங்காலம் மெடிக்கல் கடையில் உடம்பு வலிக்கு செட் மாத்திரை. மஞ்சள் ஒன்று, வெள்ளை இரண்டு, வயிற்றுக்கு ஒன்று. கடைக்காரர் பேப்பரில் மடித்துத் தந்தார். "ஆறு செட் குடுங்க" என்றேன். "அறுவடையா அண்ணாச்சி?" என்றார். ஆமாம் என்றேன்.

மே 8, வெள்ளி

மாத்திரை தெய்வம். காலையில் ஒரு செட், பத்து நிமிடத்தில் வலி காணோம்.

5 கி.மீ. 25.30!! பிறகு எட்டுச் சுற்று. எட்டு. யூனிட்டில் இளவட்டப் பயல்களே ஆறுதான். கேனோடு நடக்கும்போது வலது தொடை தனியாகத் துடித்தது, நிற்கவில்லை. மாலையில் மறுபடி ஒரு ஓட்டம், சின்னது.

உஸ்தாத்துக்கு ‘எட்டு’ என்று மட்டும் மெசேஜ். அவர்: "எட்டு நாளா?" பதில் போடவில்லை.

மே 9, சனி

மூத்திரம் கடுங்காப்பி நிறம்.

சூடு. வேறென்ன. வெயில் நூற்றுக்கு மேல், மாத்திரையும் சூடு. நாக்கிலும் உதட்டிலும் புண். அண்ணனிடம் உடம்பு சூடு என்று மட்டும் சொன்னேன். உடனே ஆள் விட்டு ஒரு குலை இறக்கிவிட்டான். "செவ்விளநீ அப்பு. எல்லாச் சூட்டையும் அடிச்சுக்கிட்டுப் போயிரும். குடி." அவனே சீவிச் சீவிக் கொடுத்தான். ஐந்து குடித்தேன்.

இன்று பயிற்சி இல்லை. முடியவில்லை. நாளை ஞாயிறு. திங்கள் பார்க்கலாம்.

மே 10, ஞாயிறு

பூசை. சிலுவை போட வலது கை நெற்றிவரை போகவில்லை. மார்பிலேயே சின்னதாகப் போட்டுக்கொண்டேன். வீட்டுக்காரி ரோஸ்லின் பார்த்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தாள்.

"யாருக்காக இப்படி ஒடம்பப் போட்டுக் கெடுக்குறீங்க? இருவத்திநாலு வருசம் போதாதா? ஜெனிக்கு அப்பான்னா போனுல தெரியுற மூஞ்சி. அம்புட்டுத்தான். எனக்கும் அம்புட்டுத்தான்."

"ரெண்டு வருசம்தானடி."

"கெடைக்கக் கூடாதுன்னுதான் இன்னிக்கி வேண்டிக்கிட்டேன். சொல்லிட்டேன், போங்க."

கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "அது கெடைக்கலைன்னா நான் இருந்தும் ஒண்ணுதான், செத்தும் ஒண்ணுதான்" என்றேன். கத்திச் சொன்னேன். ஜெனி வாசலில் நின்றிருந்தாள். ரோஸ்லின் சோற்றை எடுத்துவைத்தாள். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் என்ன என்றுகூட நினைவில்லை.

மே 11, திங்கள்

தொடை இரண்டும் வீங்கியிருக்கிறது, கைலி இறுகுகிறது. காலையிலிருந்து மூத்திரம் ஒரே தடவை, அரை டம்ளர் இருக்கும். இளநீர் 7. வாந்தி. மாத்திரை கடைசி செட். மாலையில் நெஞ்சில் ஒரு படபடப்பு, நிற்கிறது, மறுபடி வருகிறது.

அண்ணன் இன்னொரு குலை இறக்கச் சொல்லியிருக்கிறான்.

மே 13, புதன்

ஆஸ்பத்திரி. திண்டுக்கல், தனியார். பேனா பிடிக்க முடிகிறது, அவ்வளவுதான். ஜெனியிடம் நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன்.

நேற்று காலை பாத்ரூமில் விழுந்தேன். ரோஸ்லினும் அண்ணனும் காரில் தூக்கிவந்தார்கள். டாக்டர் சின்னப் பெண். "என்ன வேலை பாக்குறீங்க?" என்றார். அண்ணன் வாயெடுத்தான். நான் முந்திக்கொண்டேன். "விவசாயம். தென்ன." அண்ணன் என்னைப் பார்த்தான். ரோஸ்லின் பார்த்தாள். இரண்டு பேரும் காட்டிக்கொடுக்கவில்லை.

பட்டாளம் என்றால் பட்டாளத்து ஆஸ்பத்திரிக்கு எழுதுவார்கள். யூனிட்டுக்குத் தகவல் போகும். மெடிக்கல் கேட்டகரி இறங்கும். போர்டு அம்போ. நாலு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் எழுந்துவிடுவேன் என்று நினைத்தேன்.

"மாத்திரை எதுவும் சாப்டீங்களா?"

"இல்லம்மா."

கிட்னி இரண்டும் நின்றுவிட்டதாம். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நிற்கப் பார்த்ததாம். கழுத்தில் குழாய் செருகி ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள், நாலு மணி நேரம். குளிர். பல் அடித்துக்கொண்டது.

மே 14, வியாழன்

டாக்டர் டார்ச் அடித்து வாயைப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். புண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ரோஸ்லினை வெளியே அழைத்தார். திரைக்கு அந்தப் பக்கம்தான் நின்றார்கள், எல்லாம் கேட்டது.

"வீட்ல எதும் பிரச்சனையாம்மா? சண்டை, வருத்தம்?"

ரோஸ்லினின் வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

"தோப்புக்கு என்ன மருந்து அடிப்பீங்க? எங்கிட்ட மறைக்காதீங்க, வைத்தியமே மாறிப்போயிரும்."

அப்போதுதான் அண்ணன் குரல். உடைந்த குரல். "களக்கொல்லி டாக்டர். கேன அவந்தான் எடுத்தான், கழுவிட்டேன்னான். ரெண்டு கேனு."

ரோஸ்லின் அழுதது கேட்டது. "செத்தும் ஒண்ணுதான்னு சொன்னாருங்க. ஞாயித்துக்கெழம சொன்னாரு."

விவசாயி. கறுப்பு மூத்திரம். வாயெல்லாம் புண். வீட்டில் சண்டை. நானே டாக்டராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். டயர் புரட்டினதால் கிட்னி போகும் என்று அண்ணனுக்கும் தோன்றாது.

பிற்பகல் ஏட்டு ஒருவர் வந்தார், ரெஜிஸ்டரோடு. "என்னப்பா, குடிச்சியா?" இல்லை என்றேன். "எல்லாரும் மொதல்ல அப்பிடித்தான் சொல்லுவாங்க. எம்புட்டுக் குடிச்ச, அத மட்டும் சொல்லு." இல்லை சார் என்றேன். எழுதிக்கொண்டார். என்ன எழுதினாரோ.

அவர் போனதும் அண்ணன் வந்து காலடியில் உட்கார்ந்தான். ஐம்பது வயது ஆள், மூக்கை வேட்டியில் துடைத்துக்கொண்டு. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே அப்பு. தோப்புல பாதி உனக்குத்தான். நாளைக்கே எழுதித்தாரேன். எதுக்குடா இப்பிடிப் பண்ணுன?"

"குடிக்கலண்ணே."

"சரிப்பு. சரி."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். டயரையும் மாத்திரையையும் சொன்னால் ‘எதற்கு’ என்று கேட்பார்கள், பட்டாளம் வெளியே வரும். போர்டை நினைத்தேன். அண்ணன் அழுதுகொண்டிருக்கும்போது நான் ஜூலை போர்டை நினைத்துக்கொண்டிருந்தேன். தூ.

மே 15, வெள்ளி

காலை ஜெனி மட்டும் உள்ளே வந்தாள். ஒரு ஆள்தான் அனுமதி, அம்மா அவளை அனுப்பியிருக்கிறாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, நீங்க வந்ததுல இருந்து நான் உங்களோட சரியாப் பேசலைல்ல. அதுக்கா குடிச்சீங்க?"

 இல்லைம்மா, இல்லைம்மா என்று மட்டும் சொன்னேன். நர்ஸைக் கூப்பிட்டேன். டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன்.

எல்லாம் சொன்னேன். சர்வீஸ், போர்டு, ஆறு சுற்று, எட்டுச் சுற்று, தண்ணீர் குடிக்காதது, ஆறு செட் மாத்திரை, இளநீர். டாக்டர் முதலில் நம்பவில்லை. பிறகு தொடையை அமுக்கிப் பார்த்தார், ஒரு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். மதியம் முடிவு வந்தது. தசை கிழிந்தால் ரத்தத்தில் ஏறுகிற ஏதோ ஒன்று. இருநூறுக்குள் இருக்க வேண்டியது ஒன்றரை லட்சம்.

"தசை உருகிக் கிட்னியை அடைச்சிருக்கு. அதுக்கு மேல வலி மாத்திரை வேற. நேத்துல இருந்து நான் விஷத்துக்கு வைத்தியம் பாத்துட்டு இருக்கேன்" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இளநீரில் பொட்டாசியமாம். கிட்னி நின்ற நிலையில் அதுவும் விஷம் மாதிரிதானாம். அண்ணனிடம் இதை யாரும் சொல்லக் கூடாது என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டேன்.

ரோஸ்லினிடம் டாக்டரே விளக்கினார். நானும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "சரிங்க" என்றாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏன் மறைத்தீர்கள் என்று நாலு வார்த்தை கேட்பாள் என்று. "சரிங்க. நீங்க தூங்குங்க" என்றாள்.

மே 18, திங்கள்

யூனிட்டுக்கு நானே போன் செய்தேன். கேப்டன் பேசினார். தாத்தா என்று சொல்லவில்லை. "ஹவில்தார் ஆரோக்கியசாமி, உடம்பைப் பாருங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்" என்று ஹிந்தியில், மரியாதையாக. மரியாதையிலேயே தெரிந்துவிட்டது.

உஸ்தாத் தனியாகக் கூப்பிட்டார். "ரெண்டு சுத்துன்னுதானே சொன்னேன்?" என்று அதையே மூன்று முறை கேட்டார். அவருக்கும் விசாரணை வரும். பாவம் அந்த ஆள்.

நான்காவது டயாலிசிஸ்.

மே 22, வெள்ளி

மூத்திரம் 300 மி.லி. நர்ஸ் கை தட்டினார். ஒரு மனுஷனுக்கு எதற்கெல்லாம் கைதட்டு.

ஏட்டு மறுபடி வந்தார். டாக்டர் பேப்பரைக் காட்டினார். "டயரா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். கேஸ் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

மே 27, புதன்

வீடு. டயாலிசிஸ் நிறுத்தியாச்சு. கிட்னி முக்கால்வாசி திரும்பிவிட்டதாம், மீதி தெரியாது. உப்பு குறை, தண்ணீர் அளந்து, பழம் வேண்டாம், இளநீர் வேண்டவே வேண்டாம். கனமாக எதையும் தூக்கக் கூடாது. எடை 71லிருந்து 62.

யூனிட்டிலிருந்து தகவல்: கேட்டகரி இறக்கம். நீட்டிப்பு மனு போர்டுக்குப் போகாது. நவம்பர் முப்பதோடு சரி. ஹவில்தாராகவே.

ரோஸ்லினிடம் சொன்னேன். அவள் வேண்டிக்கொண்டது கிடைத்துவிட்டது, கொஞ்சமாவது நிம்மதிப்படுவாள் என்று பார்த்தேன். முகம் வெளுத்துவிட்டது. "அதப் பத்தி நெனைக்காதீங்க, ஒண்ணும் நெனைக்காதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை.

மே 29, வெள்ளி

ஊருக்கே தெரிந்திருக்கிறது. பஸ் ஸ்டாப் டீக்கடையில், முதுகுக்குப் பின்னால்: "மிலிட்டரிக்காரரு மருந்தக் குடிச்சுப் பொழச்சு வந்துட்டாராம்." திரும்பி, டயர் புரட்டினேன் என்று சொல்லலாம். சொன்னால் சிரிப்பார்கள்.

பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்தார். உயிர் ஆண்டவர் கொடுத்தது, எடுக்க நமக்கு உரிமையில்லை என்று ஆரம்பித்தார். "சாமி, நான் எக்சர்சைஸ் செஞ்சேன்" என்றேன். கண்ணை மூடித் தலையாட்டினார். தலையில் கை வைத்து ஜெபித்தார்.

மே 31, ஞாயிறு

ரோஸ்லினிடம் நேராகக் கேட்டேன். "நீ நம்புறியா இல்லையா?"

"நம்புறேங்க."

"மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

பார்க்கவில்லை. "டாக்டரம்மா நீங்க சொன்னதத்தான சொல்றாங்க. விவசாயம்னு சொன்னப்பயும் அவங்க நம்புனாங்கள்ல. போலீசு கேஸு வேணாம்னுதான் இப்பிடிச் சொல்லிருப்பீங்க. எனக்கு ஒண்ணும் கோவமில்ல. பொழச்சு வந்தீங்களே."

இந்த நோட்டை எடுத்துக் கொடுத்தேன். படி என்றேன். மே 4லிருந்து எல்லாம் இருக்கிறது, கேன் வரைக்கும். கக்கூஸ் வரைக்கும். படிக்கட்டும். நின்றுகொண்டே முழுதும் படித்தாள். ஒரு பக்கம்கூட விடவில்லை. மூடித் திருப்பித் தந்தாள்.

"ஜெனிகிட்ட நோட்டக் கேட்டு வாங்குனீங்களே, ஆஸ்பத்திரியில உக்காந்து எழுதுனதா?"



ஜூன் 2, செவ்வாய்

காற்று நன்றாக அடிக்கிறது, தென்னையெல்லாம் சாய்ந்து ஆடுகிறது. 

மோட்டார் ரூமை அண்ணன் காலி செய்துவிட்டான். உரம், மருந்து, கயிறு, சம்மட்டி, ஒன்றும் இல்லை. களையை ஆள் வைத்துக் கையால் எடுக்கிறான், கூலி எவ்வளவு ஆகும் என்று யோசிக்கக்கூட இல்லை. வீட்டில் பினாயில் இல்லை. எலிமருந்து இல்லை. என் ஷேவிங் செட்டைக் கேட்டால் ரோஸ்லின் பீரோவைத் திறந்து எடுத்துத் தருகிறாள், முடியும்வரை பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள்.

குளிக்கப் போனேன். பாத்ரூம் கதவில் உள்தாழ்ப்பாளைக் காணோம். நாலு ஸ்க்ரூ ஓட்டை, புதுசு. கதவைச் சும்மா சாத்திக்கொண்டேன். வாளி நிறையும் முன்னாலேயே வெளியில் ஜெனியின் செருப்புச் சத்தம்.

"அப்பா?"

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லப்பா."

இரண்டு சொம்பு ஊற்றினேன். சோப்பை எடுத்தேன்.

"அப்பா?"

"இருக்கேம்மா."

போகவில்லை. கதவின் கீழ் இடுக்கில் அவளுடைய கால் இரண்டும் தெரிந்தன. சோப்புப் போட்டுத் தேய்க்கும்போது சத்தமே இருக்காதே என்று சொம்பால் வாளியைத் தட்டிக்கொண்டே குளித்தேன்.